திருப்பணிப் பொறுப்பாளருக்கு வேண்டிய குணங்கள்

(பொன்விழா ஆண்டின் தொடக்கத்தில், பங்குப் பேரவையும் கட்டடக் குழுவும் கூடிய ஞாயிறு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

பொன்விழாவை முன்னிட்டு நம் சமூகக் கூடத்தைக் கட்டி முடிப்பது என்று பேரவை முடிவு செய்திருக்கிறது. அந்த வேலைக்குப் பொறுப்பாக ஒருவரை அடுத்த வாரம் நீங்கள் தேர்ந்தெடுக்கப் போகிறீர்கள். "அப்படிப்பட்டவரிடம் என்ன குணங்கள் இருக்க வேண்டும் என்று அதற்கு முன்னே நாலு வார்த்தை சொல்லுங்கள்" என்று நம் பங்குத் தந்தை என்னைக் கேட்டுக்கொண்டார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் சாலையிலும் பாலத்திலும் ஓவர்சியர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பிரசங்கம் செய்யும் தகுதி எனக்கில்லை. பட்டதைச் சொல்கிறேன்; பொறுத்தருள வேண்டுகிறேன்.

இந்தக் காலத்துப் பிள்ளைகள் இப்படிப்பட்டவரைப் 'புராஜெக்ட் மேனேஜர்' என்கிறார்கள். பெயர் புதிது, ஆள் பழையவர். தினசரி வேலை வேறு, திட்டம் வேறு. கோவில் மணியை நாள்தோறும் அடிக்கிறோமே, அது தினசரி வேலை. அதற்கு முடிவு கிடையாது. கூடம் கட்டுவது திட்டம். அதற்குத் தொடங்கும் நாள் உண்டு, முடிக்கும் நாள் உண்டு, இவ்வளவுதான் பணம் என்ற வரம்பும் உண்டு. கொத்தனார், கம்பி வேலைக்காரர், தச்சர், மின்சாரக்காரர், காணிக்கை தருபவர், கணக்கு எழுதுபவர் என்று பல பேரும் அந்த ஒரு வேலைக்காகச் சேருகிறார்கள். இவர்களையெல்லாம் ஒரே கயிற்றில் கோத்து, குறித்த நாளில், குறித்த பணத்துக்குள், உறுதியாக முடித்துக் கொடுக்க வேண்டியவரே திட்டப் பொறுப்பாளர்.

கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்பதை நம் ஆண்டவரே உவமையாகச் சொல்லியிருக்கிறார். அடித்தளம் போட்டு முடிக்க முடியாமல் நிற்பவனை ஊரார் எள்ளி நகையாடுவார்கள் என்பது லூக்கா நற்செய்தியில் நாம் கேட்டதுதான். அந்த வாசகம் வரும் ஞாயிறுகளில் நம்மில் பலர் தலையைக் குனிந்துகொள்கிறோம். காரணத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. கோவிலுக்கு வடபுறம், ஒன்பது மழைக்காலம் கண்டு, தலையில் கம்பி நீட்டி நிற்கும் பதினாறு தூண்கள் சொல்லும். கல் நின்றுபோனது ஒரு துக்கம். அந்தக் கணக்கின் பெயரால் மேலத்தெருவும் கீழத்தெருவும் முகம் கொடுத்துப் பேசாமல் இருப்பது அதைவிடப் பெரிய துக்கம். யார் மேல் குற்றம் என்று ஆராய நான் இங்கே வரவில்லை. இரண்டாம் முறையும் நின்றுபோகக்கூடாது என்ற ஒரே கவலையோடு வந்திருக்கிறேன்.

நல்ல பொறுப்பாளருக்கு எடுத்துக்காட்டாக நான் நெகேமியாவைக் காட்டுகிறேன். பழைய ஏற்பாட்டில் அவர் பெயரால் ஒரு நூல் இருக்கிறது. பாரசீக மன்னர் அர்த்தக்சஸ்தாவின் அரண்மனையில் பானம் பரிமாறும் பணி செய்தவர் அவர். கொத்து வேலை அறிந்தவரல்லர், குருவும் அல்லர். எருசலேமின் மதில்கள் இடிந்தும், வாயில்கள் எரிந்தும் கிடக்கின்றன என்று அவருடைய சகோதரர் அனானி வந்து சொன்னபோது, உட்கார்ந்து அழுதார், நோன்பிருந்தார், செபித்தார். பிறகு அரசரிடம் விடை பெற்றுப் போய், 52 நாட்களில் அந்த மதிலைக் கட்டி முடித்தார். கிறிஸ்து பிறப்பதற்கு ஏறத்தாழ 445 ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது. கட்டடக் கலை தெரியாத ஒருவர் இதைச் செய்தார் என்றால், இந்த வேலைக்குத் தேவையானது சிமெண்டைப் பற்றிய அறிவு மட்டுமன்று என்பது விளங்கும். அந்த அறிவை மேஸ்திரியிடம் கூலிக்குப் பெறலாம். கூலிக்குக் கிடைக்காத சில குணங்கள் உண்டு. நினைவில் நிற்பதற்காக அவற்றை உடம்பின் உறுப்புகளை வைத்தே சொல்லுகிறேன்: கண், காது, வாய், கை, கால், தோள்.

முதலாவது, கண்.

நெகேமியா எருசலேமுக்குப் போய்ச் சேர்ந்தவுடன் கூட்டம் போடவில்லை. மூன்று நாள் சும்மா இருந்தார். பிறகு ஓர் இரவில், சில ஆட்களோடு, ஒரே ஒரு வாகன மிருகத்தோடு, யாருக்கும் சொல்லாமல் மதிலைச் சுற்றி வந்தார். ஓரிடத்தில் இடிபாடு அதிகமாகி மிருகம் நடக்கவே வழியில்லாமல் போயிற்று என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். எங்கே எவ்வளவு இடிந்திருக்கிறது என்று தம் கண்ணால் கண்ட பிறகுதான் மக்களிடம் வாய் திறந்தார். நாமோ முதலில் அழைப்பிதழ் அச்சடிப்போம், அடிக்கல் நாட்டுவோம், பொன்னாடை போர்த்துவோம். இடத்தைப் பிறகு பார்ப்போம்.

புறப்படும் முன்பே அவர் கண் முன்னோக்கிப் பார்த்ததையும் கவனியுங்கள். செய்தி கேட்ட நாளிலிருந்து அரசரிடம் பேசிய நாள் வரை ஏறக்குறைய நான்கு மாதம் கடந்தது. அந்த மாதங்களில் அவர் செபித்தார், கணக்கும் போட்டிருக்கிறார். ஏனென்றால், "எவ்வளவு காலம் ஆகும்?" என்று அரசர் கேட்டபோது விழிக்காமல் ஒரு காலம் குறித்துச் சொன்னார். வழியில் உள்ள ஆளுநர்களுக்குக் கடிதம் கேட்டார். வாயில்களுக்கு வேண்டிய மரத்துக்காக, அரசருடைய காட்டுக் காவலருக்குத் தனியாக ஒரு கடிதம் கேட்டார். மரம் எங்கிருந்து வரும் என்பது வரை யோசித்து வைத்த செபம் அது. முழங்காலில் நிற்பவன் கணக்குப் போட வேண்டியதில்லை என்று வேதம் எங்கும் சொல்லவில்லை.

கண்ணுக்கு இன்னொரு வேலையும் உண்டு. அது ஆளை அறிவது. நெகேமியா நூலின் மூன்றாம் அதிகாரத்தை நாம் பெரும்பாலும் வாசிப்பதில்லை. வெறும் பெயர்ப் பட்டியல் என்று தள்ளிவிடுகிறோம். அந்தப் பட்டியலில்தான் வேலையின் இரகசியம் இருக்கிறது. மதிலை ஏறத்தாழ நாற்பது பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு குடும்பத்துக்கோ ஊராருக்கோ ஒப்படைத்திருக்கிறார். தலைமைக் குருவும் மற்றக் குருக்களும் ஒரு வாயிலைக் கட்டினார்கள். பொற்கொல்லரும் நறுமணத் தைலம் செய்வோரும் கல் சுமந்தார்கள். சல்லூம் என்னும் தலைவரோடு அவருடைய புதல்வியரும் வேலை செய்தார்கள். பலருக்கு அவரவர் வீட்டுக்கு எதிரே இருந்த பகுதியே கொடுக்கப்பட்டது. தன் வீட்டு வாசலுக்கு எதிரே உள்ள சுவரை எவன் அரைகுறையாகக் கட்டுவான்?

அதே பட்டியலில் ஒரு வரி உண்டு. தெக்கோவா ஊர்ப் பெரியவர்கள் வேலைக்குத் தோள் கொடுக்க மறுத்துவிட்டார்கள். நெகேமியா அதைக் குறித்துக்கொண்டு, மேலே நடந்தார். அவர்களோடு வழக்காடி ஒரு நாளையும் வீணாக்கவில்லை. அந்த ஊரின் சாதாரண மக்களோ, தங்கள் பங்கை முடித்துவிட்டு இன்னொரு பகுதியையும் கட்டிக் கொடுத்தார்கள்! ஒதுங்கி நிற்பவரைத் திட்டுவதில் நாள் போக்குகிறவருக்கு, ஓடி வந்து செய்பவரைக் காண நேரம் இருக்காது.

இரண்டாவது, காது.

மதில் பாதி உயரம் எழுந்தபோது மக்களுக்குக் களைப்பு வந்தது. சுமப்பவர்களின் பலம் குறைகிறது, இடிபாட்டு மண்ணோ மலையாகக் கிடக்கிறது, இனி எங்களால் ஆகாது என்ற முறையீடு எழுந்தது. மண் சுமக்கிறவனின் அந்தக் குரல் நெகேமியாவின் காதுக்கு வந்து சேர்ந்தது என்பதே பெரிய காரியம். பல இடங்களில் அது மேஸ்திரியோடு நின்றுவிடும், மேலே போகாது.

நம் நாட்டில் நடந்த ஒன்றையும் சொல்லுகிறேன். 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு இராமேசுவரம் தீவைத் தாக்கிய புயலில் தனுஷ்கோடி அழிந்தது. ஒரு ரயில் வண்டியே பயணிகளோடு கடலுக்கு இரையானது. 1914இல் திறக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலத்தின் இரும்பு உத்திரங்களில் பெரும்பாலானவை அலையில் அடித்துச் செல்லப்பட்டன. அதைச் சீர்செய்யும் பொறுப்பு, அப்போது 32 வயதே ஆன ஈ. ஸ்ரீதரன் என்னும் பொறியாளரிடம் கொடுக்கப்பட்டது. முதலில் ஆறு மாதம் என்று காலம் குறித்தார்கள். பிறகு மூன்று மாதம் என்று குறைத்தார்கள். அவர் 46 நாட்களில் முடித்தார்.

எப்படி முடிந்தது? புதிய உத்திரங்களைத் தொலைவிலிருந்து கொண்டுவந்து பொருத்த நாள் பிடிக்கும். அடித்துச் செல்லப்பட்ட பழைய உத்திரங்கள் கடலுக்கு அடியில் கிடக்கின்றன என்ற செய்தி உள்ளூர் மீனவர் வழியாக வந்தது. அந்தச் சொல்லுக்குப் பொறியாளர் மதிப்புக் கொடுத்தார். உத்திரங்களைத் தூக்கி எடுத்து மறுபடியும் தூண்களின் மேல் ஏற்றினார்கள். கடலின் அடித்தரை கல்லூரியில் படித்தவருக்குத் தெரியாது. நாள்தோறும் வலை வீசுகிறவருக்குத் தெரியும். அந்தப் பாலம் அதற்குப் பின் அரை நூற்றாண்டுக்கு மேல் உழைத்து, 2022இல் ஓய்வு பெற்றது. அதன் அருகே கட்டப்பட்ட புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. இராமேசுவரத்துக்கு அந்தப் பழைய பாலத்தின் வழியே பயணம் செய்தவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். உங்கள் வண்டியைத் தாங்கியதில் அந்த மீனவர்களின் சொல்லுக்கும் பங்கு உண்டு.

மூன்றாவது, வாய். இதற்கு என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த ஊரில் இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

வேலையில் சேர்ந்த மூன்றாம் ஆண்டு. ஒரு வாய்க்காலின் குறுக்கே சிறு பாலம் கட்டிக்கொண்டிருந்தோம். வேலை பதினைந்து நாள் பின்தங்கிவிட்டது. மேலதிகாரியிடம் அதைச் சொல்லப் பயந்து, "எல்லாம் சரியாக நடக்கிறது ஐயா" என்று வாரந்தோறும் சொல்லி வந்தேன். மேல்தளம் கான்கிரீட் போட வேண்டிய நாள் வந்தது. கம்பி கட்டும் மேஸ்திரி ஒருவர், என் தகப்பனார் வயது இருக்கும், அருகே வந்து, "சார், வாய்க்கால் பக்கத்து முட்டுகளுக்கு அடியிலே மண்ணு இளக்கமா இருக்கு. ரெண்டு நாள் பொறுத்து, பலகை வெச்சு முட்டுக் கொடுப்போம்" என்றார். எனக்கு ஏது இரண்டு நாள்? பத்துப் பேர் முன்னிலையில், "உம்ம வேலையை நீர் பாரும்" என்று சொல்லிவிட்டேன். அவர் தலைத்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று சாயங்காலம் வரை கான்கிரீட் போட்டோம். இரவில் மழை. வாய்க்காலில் தண்ணீர் ஏறி, முட்டுகள் நான்கு விரற்கடை இறங்கிவிட்டன. விடிந்து பார்த்தால் தளம் நடுவிலே தொய்ந்து கிடக்கிறது. கீழே ஆள் யாரும் இல்லாதது தேவனுடைய இரக்கம். அந்தத் தளத்தை உடைத்து எடுக்க ஒன்பது நாள் ஆயிற்று. அந்த ஒன்பது நாளும் சித்தாள் பெண்களுக்கு வேலை இல்லை, கூலியும் இல்லை. அவர்களில் கைக்குழந்தைக்காரிகள் இரண்டு பேர்.

அறிக்கையில் நான் என்ன எழுதினேன் தெரியுமா? 'எதிர்பாராத மழையால்' என்று எழுதினேன். மழை பெய்தது உண்மை. ஆனால், அந்த வரி பொய். அதை எழுதிய கை இது.

மூன்று ஆண்டு கழித்து அந்த மேஸ்திரியின் வீட்டைத் தேடிப் போனேன். திண்ணையில் உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. நான் எழுந்தபோது மட்டும், "இனிமே முட்டுக்கு அடியிலே பலகை போடுங்க தம்பி" என்றார். அதன் பிறகு நான் வேலை பார்த்த ஒவ்வோர் இடத்திலும் பலகை போட்டேன். கான்கிரீட் போடும் முன், அங்கே இருக்கும் வயதில் மூத்த மேஸ்திரியை எல்லார் முன்னிலையிலும் கூப்பிட்டு, "போடலாமா?" என்று கேட்பதையும் வழக்கமாக்கிக்கொண்டேன்.

ஆகையால் அனுபவித்தவன் சொல்லுகிறேன். கெட்ட செய்தியை முதல் நாளே சொல்லுகிற வாய் பொறுப்பாளருக்கு வேண்டும். பதினைந்து நாள் தாமதத்தை முதல் வாரமே சொல்லியிருந்தால் எனக்கு ஒரு திட்டு கிடைத்திருக்கும், அவ்வளவுதான். மறைத்த தாமதம் வட்டி போட்டு வளரும். அதோடு, தனக்குக் கீழே உள்ளவர்கள் கெட்ட செய்தியோடு வரும்போது சீறி விழாத வாயும் வேண்டும். ஒரு முறை சீறினால் போதும். அதற்குப் பின் நல்ல செய்தி மட்டுமே நம்மிடம் வரும். அந்த நல்ல செய்திகளை நம்பிக்கொண்டே நாம் பள்ளத்தில் விழலாம்.

நான்காவது, கை.

மதில் வேலை நடக்கும்போதே எருசலேமில் ஏழைகளின் அழுகுரல் கேட்டது. பசிக்காக வயலையும் வீட்டையும் அடமானம் வைத்திருந்தார்கள். பிள்ளைகளையே அடிமைகளாக விட்டவர்களும் உண்டு. அவர்களிடம் வட்டி வாங்கியவர்கள் அந்நியர் அல்லர். சொந்த இனத்துப் பெரியவர்கள். நெகேமியாவுக்குக் கடுங்கோபம் வந்தது. என்றாலும் தமக்குள் ஆழ்ந்து யோசித்த பிறகே பேசினார். சபையைக் கூட்டி, பெரியவர்களை நேருக்கு நேர் கண்டித்து, வயல்களையும் வீடுகளையும் திருப்பிக் கொடுக்கச் செய்தார். மதில் வேலை தாமதமாகும் என்று இதை ஒத்திவைக்கவில்லை. உள்ளே ஒருவன் மற்றொருவனை விழுங்கும் ஊருக்கு மதில் எதற்கு?

அவரால் அப்படித் தலைநிமிர்ந்து கண்டிக்க முடிந்ததற்குக் காரணம் அவருடைய கை சுத்தமாக இருந்ததுதான். ஆளுநருக்கு உரிய உணவுப் படியை அவர் 12 ஆண்டுகள் வாங்கவில்லை. அவருடைய பந்தியில் 150 பேர் உண்டார்கள்; அந்தச் செலவை மக்கள் தலையில் சுமத்தவில்லை. கை சுத்தமாக இருந்தால் மட்டும் போதாது, சுத்தமாக இருப்பது மக்கள் கண்ணுக்குத் தெரியவும் வேண்டும். நம் பங்கில் முன்பு யாரும் திருடவில்லை என்றே நான் இன்றும் நம்புகிறேன். ஆனால் கணக்கு ஒரு நோட்டில் இருந்தது. நோட்டு ஒரு பெட்டியில் இருந்தது. பெட்டிக்குப் பூட்டு இருந்தது. பூட்டிய பெட்டிக்குள் என்ன இருக்கும் என்று மேலத்தெரு ஒன்று நினைத்தது, கீழத்தெரு ஒன்று நினைத்தது.

கூலியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1891இல் பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் தொழிலாளர் நிலையைப் பற்றி வெளியிட்ட சுற்றுமடலில், உழைப்பவனுக்கு நியாயமான கூலி கொடுப்பதைக் கடமையாக வலியுறுத்தினார். 1981இல் பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் மனித உழைப்பைப் பற்றியே ஒரு சுற்றுமடல் தந்தார். கோவில் வேலைதானே என்று கூலியில் குறைப்பதும், திங்கட்கிழமை வா என்று சொல்லி அனுப்புவதும் திருப்பணி ஆகாது. சனிக்கிழமை மாலை அடுப்பு எரிய வேண்டிய வீடுகள் அவை.

ஐந்தாவது, கால்.

சன்பலாற்று, தோபியா முதலான எதிரிகள் முதலில் கேலி செய்தார்கள். ஒரு நரி ஏறினாலே இந்தச் சுவர் இடிந்து விழும் என்றார்கள். பிறகு பயமுறுத்தினார்கள். மக்கள் ஒரு கையில் வேலையும் மறு கையில் ஆயுதமுமாக நின்றார்கள். கடைசியில் மதில் முடியும் தறுவாயில், ஓனோ சமவெளிக்குப் பேச வரும்படி நான்கு முறை அழைத்தார்கள். நான் பெரிய வேலையில் இருக்கிறேன், இறங்கி வர இயலாது என்று நான்கு முறையும் ஒரே பதிலை அனுப்பினார் நெகேமியா. நின்ற இடத்தை விட்டு அவர் கால் அசையவில்லை.

நமக்கு எதிரிகள் இல்லை. ஆனால் ஓனோ சமவெளிகள் நிறைய உண்டு. கூடத்துக்கு மாடி வைத்தால் என்ன, முகப்பை மாற்றினால் என்ன, நடுவில் ஒரு கெபியும் சேர்த்துக் கட்டினால் என்ன என்று நல்ல மனதோடு கேட்பவர்கள் வருவார்கள். ஒவ்வொன்றும் நல்ல யோசனைதான். எல்லாவற்றுக்கும் தலையாட்டினால் கூடம் நிற்கும், ஆனால் முடியாது. ஸ்ரீதரன் அவர்கள் பிற்காலத்தில் டெல்லி மெட்ரோ ரயில் வேலையை நடத்தியபோது, முடிக்க வேண்டிய நாளுக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று காட்டும் பலகைகளை வேலைத்தளங்களில் வைத்திருந்தார். அங்கே முதல் வண்டி 2002 டிசம்பரில் ஓடியது. நாள் எல்லார் கண்ணிலும் படும்படி இருந்தால், கால் தானாக அசையாமல் நிற்கும்.

ஆறாவது, தோள்.

2009 ஜூலை 12ஆம் நாள், டெல்லியில் கட்டப்பட்டு வந்த மெட்ரோ மேம்பாலத்தின் ஒரு பகுதி இடிந்து, வேலையாட்கள் உயிரிழந்தார்கள். அன்றே ஸ்ரீதரன் அதற்குப் பொறுப்பேற்றுப் பதவி விலகல் கடிதம் கொடுத்தார். அரசு அதை ஏற்காததால் பணியில் தொடர்ந்தார். புகழ் வரும்போது நிமிரும் தோள் பலருக்கு உண்டு; பழி வரும்போது அதைக் கீழே உள்ளவன் மேல் இறக்கி வைக்காத தோள் சிலருக்கே உண்டு. 'எதிர்பாராத மழையால்' என்று எழுதியவனாகிய எனக்கு, அந்தச் செய்தியை நாளிதழில் படித்த நாளில் சோறு இறங்கவில்லை.

தோளுக்குச் சுமையை ஏற்கத் தெரிவது போலவே, இறக்கி வைக்கவும் தெரிய வேண்டும். மதில் முடிந்தவுடன் நெகேமியா வாயில் காவலரை நியமித்தார். நகரின் பொறுப்பை, உண்மையும் தெய்வபயமும் உள்ளவர்களைப் பார்த்து ஒப்படைத்தார். பிறகு மக்கள் எல்லாரும் சதுக்கத்தில் கூடியபோது, மேடையில் நின்று திருச்சட்டத்தை வாசித்தவர் எஸ்ரா. மதில் கட்டியவர் மக்களோடு இருந்தார். கல்வெட்டில் யார் பெயர் முதலில் வருவது என்று அங்கே சண்டை நடந்ததாக வேதத்தில் இல்லை.

அன்பர்களே, இந்த ஆறையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்றே தெரிகிறது. உண்மையைக் காணும் கண், உண்மையைக் கேட்கும் காது, உண்மையைச் சொல்லும் வாய், உண்மையான கை, உண்மையை விட்டு விலகாத கால், உண்மையைச் சுமக்கும் தோள். நீங்கள் தேர்ந்தெடுக்கப் போகிறவர் படித்தவரா, பணக்காரரா, மேலத்தெருவா, கீழத்தெருவா என்று பார்க்காதீர்கள். 'இவரிடம் ஒரு சித்தாள் பெண் பயப்படாமல் போய், ஐயா இது சரியில்லை என்று சொல்ல முடியுமா?' என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். முடியும் என்றால் அவரைத் தேர்ந்தெடுங்கள்.

இவ்வளவு பேசிவிட்டு நானே வாயை மூடிக்கொண்டு போனால் அது அழகல்ல. கடந்த வெள்ளிக்கிழமை மாலை, மேஸ்திரி ஒருவரை அழைத்துக்கொண்டு நம் பதினாறு தூண்களையும் சுற்றிப் பார்த்தேன். பதின்மூன்று தூண்களைத் துருவைச் சுரண்டிச் சீர்செய்து மேலே கட்டலாம் என்பது எங்கள் எண்ணம். அதையும் ஒரு பொறியாளரை வைத்துச் சோதித்துக்கொள்ள வேண்டும். மூன்று தூண்களில் கம்பி செதில் செதிலாக உதிர்கிறது. அந்த மூன்றையும் அடியோடு எடுத்துவிட்டுப் புதிதாக எழுப்ப வேண்டும். தூண் ஒன்றுக்கு ஒரு குடும்பம் என்று காணிக்கை கொடுத்திருக்கிறீர்கள். அன்பளிப்பாகக் கொடுத்ததை உடைக்கிறார்களே என்று மனம் நோகும் என்பது எனக்குத் தெரியும். அந்த மூன்றில் ஒன்று, காலஞ்சென்ற என் தகப்பனார் பெயரால் எங்கள் குடும்பம் கொடுத்தது. முதலில் அதையே உடைக்கத் தொடங்கலாம்.

பேரவைக்கு என் பணிவான வேண்டுகோள்கள் நான்கு. வேலைக்கு ஒருவரே பொறுப்பாக இருக்கட்டும். குழு அவருக்குத் துணை நிற்கட்டும். முடிக்கும் நாளைக் கோவில் வாசலில் எழுதி வைப்போம். வரவு செலவுக் கணக்கை ஞாயிறுதோறும் முதல் திருப்பலிக்கு முன் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம். பூட்டிய பெட்டி இனி வேண்டாம். குழுக் கூட்டத்துக்கு மேஸ்திரியையும் அழைத்து நாற்காலி போடுவோம். இன்னொன்றும் ஆசையாகச் சொல்லுகிறேன். மேலத்தெருவுக்கு வடக்குச் சுவர், கீழத்தெருவுக்குத் தெற்குச் சுவர் என்று பிரித்துக் கொடுங்கள். மூலையில் இரண்டு சுவரும் சேர்ந்துதானே ஆக வேண்டும்! கல் சேருகிற இடத்தில் மனிதரும் சேருவார்கள் என்பது என் நம்பிக்கை.

நாசரேத்தூரில் தச்சுப் பட்டறை வைத்திருந்த புனித சூசையப்பர் பேசியதாக நற்செய்தியில் ஒரு வார்த்தைகூட இல்லை. சொன்ன வேலையைச் செய்தார், ஒப்படைக்கப்பட்டவர்களைக் காத்தார். அவருடைய மன்றாட்டினால், நம் கூடத்தின் பொறுப்பை ஏற்கப் போகிறவருக்கு இறைவன் நல்ல கண்ணையும் காதையும் வாயையும் கையையும் காலையும் தோளையும் தந்தருள்வாராக. அடுத்த ஆண்டு இதே நாளில், அந்தக் கூடத்தின் கூரைக்குக் கீழே, ஒரே பந்தியில், இரண்டு தெருக்காரர்களும் அருகருகே உட்கார்ந்து உண்ணும் பாக்கியம் நமக்குக் கிடைப்பதாக. இயேசுவுக்கே புகழ்.